கேலரியில் 20,000 படங்கள்: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

“அந்த ரசீதைப் போட்டோ எடுத்து வைத்தேனே…” என்று கேலரியைத் தள்ளத் தொடங்கிய விரல், ஐந்து நிமிடம் கழித்து எதைத் தேடினோம் என்பதையே மறந்துவிட்டு, யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்தில் போய் நின்றிருக்கும். ரசீது போனில்தான் இருக்கிறது. வேண்டும்போது கைக்கு வராத படம் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். எதை எடுப்பது, எதை விடுவது என்ற கணக்கு பொத்தானை அழுத்தும் முன்பே முடிந்துவிடும். இப்போது எடுப்பதற்குச் செலவே இல்லை என்பதால் அந்தக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறோம். அந்த ‘அப்புறம்’ வருவது, ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று போன் கத்தும் அன்றைக்குத்தான். அவசரத்தில் கையில் அகப்பட்டதை அழிப்போம். போகக் கூடாத படங்கள் போவது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

ஆகவே இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் புதிதாக வந்து குவிவதை அடைக்க வேண்டும், அடுத்து நகல் எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் கழித்துக்கட்டுவதும் அடுக்குவதும். பலரும் நேராக மூன்றாவதில் குதிக்கிறார்கள். குதித்தவர்கள் இரண்டு நாளில் சலித்துப்போய் விட்டும் விடுகிறார்கள். முதல் இரண்டுக்கும் ஒரு விடுமுறை நாள் போதும். மற்றதை ஒரு வருடத்துக்குப் பரப்பி, ஒரு நாளைக்குப் பத்து நிமிடமாகச் செய்யலாம்.

குழாயை மூடாமல் தரையைத் துடைக்காதீர்கள்

கேலரி நிரம்ப நீங்கள் எடுத்த படங்கள் மட்டும் காரணமில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் வந்து தானாக இறங்கியவை அதில் பெரும் பங்கு. செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ என்ற பகுதிக்குள் மீடியா ஆட்டோ டவுன்லோட் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்று வரிகள் தெரியும். டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயத்தில் மொபைல் டேட்டா வரியில் மட்டும் டிக்கை எடுத்துவிட்டு, வைஃபை வரியை அப்படியே விட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அன்றைய குப்பை மொத்தமும் இறங்கிவிடும். வைஃபையிலும் வீடியோ, டாக்குமென்ட் இரண்டிலும் டிக்கை எடுங்கள். படங்களை வேண்டுமானால் விட்டு வையுங்கள்.

அடுத்தது ‘மீடியா விசிபிலிட்டி’. இது செட்டிங்ஸில் ‘சாட்ஸ்’ பகுதிக்குள் இருக்கும். இதை அணைத்தால் வாட்ஸ்அப்பில் வருபவை கேலரியில் தலைகாட்டாது. அதே அமைப்பு ஒவ்வொரு சாட்டுக்கும் தனித்தனியாகவும் உண்டு. பொதுவில் அணைத்துவிட்டு, குடும்பக் குழுவுக்கும் நெருங்கிய இரண்டு மூன்று பேருக்கும் மட்டும் திறந்து வைப்பது நல்லது. ஐபோனில் இதே வேலையைச் செய்வது ‘சேவ் டு போட்டோஸ்’. இரண்டுமே இனி வருபவற்றைத்தான் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே வந்து உட்கார்ந்தவை தாமாகப் போகாது. அவற்றைப் பிறகு கவனிப்போம்.

கேமராவிலும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, லைவ் போட்டோ அல்லது மோஷன் போட்டோ. ஐபோனின் லைவ் போட்டோ, பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் 1.5 நொடி வீடியோவைச் சேர்த்துப் பதிகிறது. குழந்தை சிரிக்கும் கணத்துக்கு அது அருமையான வசதி. மின் மீட்டர் எண்ணைப் படம் எடுக்க எதற்கு? வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று வீடியோவின் அளவு. 1080பி, 4கே என்பவை படத்தின் நுணுக்கத்தைச் சொல்பவை; 30, 60 ஃபிரேம் என்பது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. ஐபோனின் வழக்கமான பதிவு முறையில் ஒரு நிமிட வீடியோ, 1080பி 30 ஃபிரேமில் சுமார் 60 எம்.பி., 4கே 30 ஃபிரேமில் 170 எம்.பி., 4கே 60 ஃபிரேமில் 400 எம்.பி. பிடிக்கும். போனிலேயே பார்க்கப்போகும் வீடியோவுக்கு 1080பி தாராளம். பெரிய திரையில் பார்க்கவும், வருடங்கள் கழித்தும் வைத்திருக்கவும் நினைப்பதற்கு 4கே 30. விளையாட்டு, நடனம் போல வேகமாக அசைவது எதையும் எடுக்காதவருக்கு 60 ஃபிரேம் வெறும் பாரம்.

நகல் எடுக்கும் வரை எதையும் அழிக்காதீர்கள்

‘எல்லாம் கிளவுடில் இருக்கிறது’ என்ற நம்பிக்கையில்தான் நிறையப் படங்கள் பறிபோகின்றன. கிளவுடில் இருப்பது பெரும்பாலும் சிங்க். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி: இந்தப் பக்கம் செய்ததை அந்தப் பக்கமும் செய்யும். ஐகிளவுட் போட்டோஸில் போனில் ஒரு படத்தை அழித்தால், ஐபேடிலும் கணினியிலும் அது போய்விடும். கூகுள் போட்டோஸ் ஆப்பிலும் பேக்கப் ஆன படத்தை டெலிட் செய்தால் போனிலும் போகும், கணக்கிலும் போகும். போனில் இடம் வேண்டும், கிளவுடில் படம் இருக்க வேண்டும் என்றால் அதற்கு டெலிட் பொத்தான் உதவாது. ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனியே ஒன்று இருக்கிறது. பேக்கப் ஆகிவிட்டவற்றின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும்.

இலவச இடம் எவ்வளவு என்பதையும் நினைவில் வையுங்கள். ஐகிளவுடில் 5 ஜி.பி. கூகுளில் 15 ஜி.பி.; அதிலும் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோட வேண்டும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக வைக்கும் வசதி 2021 ஜூன் 1-உடன் நின்றுவிட்டது. இடம் தீர்ந்ததும் பேக்கப் சத்தமில்லாமல் நின்றிருக்கும். ஆப்பைத் திறந்து, கடைசியாக எந்தத் தேதிப் படம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. கூகுள் போட்டோஸில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ தேர்வாகியிருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களும் 1080பி-க்கு மேற்பட்ட வீடியோக்களும் சுருக்கப்பட்டே ஏறியிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

கிளவுட் இருந்தாலும் கைக்கு எட்டும் நகல் ஒன்று வேண்டும். ஒரு வெளி ஹார்டு டிஸ்கை வாங்கி, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கவும் எழுதவும் முடியும். பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. நீளமான வீடியோ மட்டும் ஏறாமல் அடம்பிடித்தால் காரணம் அநேகமாக இதுதான்.

ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்ந்தெடுத்து, கேமரா படங்கள் இருக்கும் ‘டி.சி.ஐ.எம்.’ ஃபோல்டரையும் ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரையும் வாட்ஸ்அப்பின் மீடியா ஃபோல்டரையும் நகலெடுக்க வேண்டும். இங்கே மூன்று விஷயங்கள் சொதப்பும். மொத்தத்தையும் ஒரே இழுப்பில் இழுத்தால் பாதியில் தொங்கிவிடும். 1,000, 2,000 படங்களாகப் பிரித்து எடுங்கள். கட் செய்யவே கூடாது, காப்பிதான். கட் செய்யும்போது கேபிள் அசைந்தால் படம் இங்கும் இருக்காது, அங்கும் இருக்காது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் கணினிக்குப் போன் தெரியவே தெரியாது. போனில் கோளாறு என்று அலையும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஐபோனிலிருந்து விண்டோஸ் கணினிக்கு எடுக்கும்போது நடுவில் ‘டிவைஸ் வேலை செய்யவில்லை’ என்பது போல ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். 2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் ஐபோன் படங்கள் ‘ஹெய்க்’ என்ற வடிவில் பதிவாகின்றன. அதை ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்ப முயலும்போது வரும் தடங்கல் இது. போனின் போட்டோஸ் செட்டிங்ஸில், கணினிக்கு மாற்றுவது பற்றிய வரியில் ‘ஆட்டோமேட்டிக்’ இருக்கும் இடத்தில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று வைத்தால் ஓடிவிடும். அதே பக்கத்தில் ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ போட்டிருந்தால் அசல் படங்கள் எல்லாம் போனில் இருக்காது. சில படங்களுக்குச் சிறிய பிரதிதான் இருக்கும். கேபிளில் எடுத்துவிட்டோம் என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். அப்படிப்பட்டவர்கள் ஐகிளவுடின் இணையப் பக்கத்திலிருந்தோ, ‘டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ்’ போட்டுப் போதிய இடம் உள்ள கருவிக்கு இறக்கியோ எடுக்க வேண்டும்.

நகல் முடிந்ததும் சரிபாருங்கள். போனின் ஃபோல்டரில் எத்தனை ஃபைல், டிஸ்கில் எத்தனை ஃபைல், எண் ஒத்துப்போகிறதா? தொடக்கம், நடு, கடைசி என்று பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். வீடியோவை ஓடவிட்டு நேராகக் கடைசி ஐந்து நொடிக்குத் தாவுங்கள். பாதியில் அறுந்த நகல் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 என்ற கணக்கு இன்னும் செல்லுபடியாகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், அதில் ஒன்று வேறு இடத்தில். போன், வீட்டு டிஸ்க், கிளவுட் என்றாலே மூன்றும் அமைந்துவிடும். பென் டிரைவையும் மெமரி கார்டையும் நிரந்தர இடமாக நினைக்காதீர்கள். அவை தூக்கிப்போக மட்டும். அவற்றில் தரவு மின்னூட்டமாகத்தான் நிற்கிறது. வருடக்கணக்கில் மேசை டிராயரில் கிடந்தால் கசிந்துபோகலாம். நம்ப முடியாத மலிவில் கிடைக்கும் 1 டி.பி., 2 டி.பி. கார்டுகளில் பல, எழுதியிருக்கும் கொள்ளளவில் சிறு பங்குகூட இல்லாத போலிகள். நிரம்பும் வரை ஏறுவது போலவே காட்டும். திறந்தால் பாதிப் படங்கள் வெறும் சாம்பல் கட்டங்கள். ஹார்டு டிஸ்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்துச் சில படங்களைத் திறந்து பாருங்கள். சுழலும்போது டிக் டிக் என்று சீராகத் தட்டும் ஓசை கேட்டால், அன்றைக்கே வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.

கழிப்பது

குழந்தையின் படங்களிலிருந்து தொடங்கினால் அன்றைக்கு நாலு படம்கூடப் போகாது. மனம் ஒட்டாதவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஸ்கிரீன்ஷாட். இவற்றுக்குத் தனி ஆல்பம் உண்டு. கட்டம் கட்டமாகப் பார்த்தாலே போதும், திறக்க வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது பெரும்பாலும் ‘பிறகு படிக்கிறேன்’ என்று நமக்கு நாமே எழுதிக்கொடுத்த கடன் சீட்டு. ஆறு மாதம் படிக்காததை இனியும் படிக்கப்போவதில்லை, தள்ளுபடி செய்துவிடுங்கள். பணம் அனுப்பியதற்கான சான்று, டிக்கெட், பதிவு எண் என்று இருப்பதை மட்டும் ஒரு ஆல்பத்துக்கு மாற்றுங்கள். ஒருவருக்கு அனுப்புவதற்காக மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், ஐபோனில் எடுத்த கையோடு ‘காப்பி அண்ட் டெலிட்’ கொடுத்து சாட்டில் ஒட்டிவிடலாம். கேலரிக்கு அது வரவே வராது.

அடுத்து வாட்ஸ்அப். ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ பக்கத்தில் பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டவை ஒரு தொகுப்பாகவும் 5 எம்.பி.க்கு மேற்பட்டவை இன்னொன்றாகவும் இருக்கும். முதல் தொகுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம் என்றுதான் தோன்றும். ஒருமுறை மட்டும் வேகமாகத் தள்ளிப் பாருங்கள். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே யாருடைய கல்யாணப் பத்திரிகையோ சிக்கியிருக்கும். நீங்கள் அனுப்பிய படங்களின் பிரதிகள் ‘சென்ட்’ ஃபோல்டரில் தனியே சேர்ந்திருக்கும். அசல் கேமரா ஃபோல்டரில் இருக்குமானால் இவை தேவையில்லை. வாட்ஸ்அப் கேமராவிலேயே நேராக எடுத்து அனுப்பிய படத்துக்கு மட்டும் வேறு அசல் கிடையாது. அதை அழித்தால் போனது போனதுதான்.

மூன்றாவது வீடியோ. அளவு வரிசையில் அடுக்கிப் பெரியதிலிருந்து பாருங்கள். இருபது வீடியோவைக் கவனித்தால், ஆயிரம் படங்களை அழிப்பதைவிட அதிக இடம் கிடைக்கும். முழுதாக அழிக்கவும் வேண்டாம், வெட்டிச் சுருக்கினால் போதும். பள்ளி விழாவில் ஆறு நிமிடம் ஓடவிட்ட வீடியோவில் உங்கள் பிள்ளை மேடையில் இருப்பது 40 நொடி. 4கே 30 ஃபிரேமில் 1,000 எம்.பி.யைத் தாண்டிய ஃபைல், வெட்டினால் சுமார் 115 எம்.பி. வெட்டியதைப் புதிய கிளிப்பாகச் சேமித்து, ஓடவிட்டுப் பார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

பிறகு இரட்டைகள். ஐ.ஓ.எஸ். 16 முதல் ஐபோனில் ‘டூப்ளிகேட்ஸ்’ என்ற ஆல்பம் இருக்கிறது. ‘மெர்ஜ்’ கொடுத்தால் தரம் கூடியதை வைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபைல்ஸ் ஆப் இரட்டைகளைக் காட்டும். ஆனால் அது பிடிப்பது அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் ஃபைல்களை. நீங்கள் எடுத்த அசலும், அதே படம் வாட்ஸ்அப்பில் சுற்றித் திரும்பி வந்த சுருங்கிய பிரதியும் அதன் கண்ணுக்கு இரண்டு வேறு படங்கள். விவரத்தைத் திறந்து எம்.பி.யைப் பாருங்கள். 3, 4 எம்.பி. இருப்பது அசல், சில நூறு கே.பி. மட்டும் இருப்பது சுற்றி வந்தது. ‘ஒரே தொடுதலில் போனைச் சுத்தம் செய்யும்’ ஆப்களை மட்டும் நிறுவாதீர்கள். உங்கள் மொத்தப் படங்களையும் பார்க்க, அழிக்க அனுமதி கேட்கும் அன்னியருக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம் அது.

இப்போது, ஒரே காட்சியின் எட்டுப் படங்கள். ஒருவர் கேக் வெட்டுகிறார், பின்னால் ஆறு பேர். எட்டும் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும், அதனால் எட்டும் தங்கிவிடும். தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எட்டையும் சின்னக் கட்டங்களாகவே பாருங்கள். எந்தக் கட்டம் கண்ணை இழுக்கிறதோ அதன் அமைப்பு சரியாக இருக்கிறது. அதைத் திறந்து, முகங்களைப் பெரிதாக்கி இடமிருந்து வலமாகக் கண்களை மட்டும் பாருங்கள். யாராவது கண் மூடியிருந்தால் அடுத்த படத்துக்குப் போங்கள். கண்களில் தேறிய இரண்டு மூன்றில் கைகளைக் கவனியுங்கள்: கத்தி கேக்கில் இறங்கும் கணமா, வெறுமனே நிற்கும் கணமா? கடைசியில் ஓரங்கள்: யாருடைய தலையாவது பாதியில் அறுந்திருக்கிறதா? இதில் தேறுவது ஒன்று. இரண்டாவதாக ஒன்றை வைக்க ஆசைப்பட்டால், யாரும் கேமராவைப் பார்க்காமல் தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தை வையுங்கள். மற்ற ஆறும் போகட்டும். பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு நிமிட வேலை.

மங்கலான எல்லாமே குப்பையும் இல்லை. வீட்டுச் சுவர், பழைய அலமாரி, தெருமுனை, வேலை செய்த மேசை என்று ‘எதற்கு எடுத்தோம்’ எனத் தோன்றும் படங்களில் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். வீடு மாறி, மேசை மாறிய பிறகு தேடுவது அவற்றைத்தான். ஒருவர் இயல்பாகப் பேசும் குரல் பதிந்த வீடியோவும் அப்படித்தான். படம் ஆடினாலும் மங்கினாலும் குரலுக்காக வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மீதி இருக்கும் பல ஆயிரத்தை எப்படிக் கடப்பது? அன்றைய தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று மார்ச் 14 என்றால், எல்லா வருடங்களின் மார்ச் 14-ஐயும் தேடி, அந்தப் படங்களை மட்டும் கழியுங்கள். 20,000 படங்களை 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குச் சுமார் 55. பத்து நிமிடம் போதும். ஒரு வருடத்தில் முழு கேலரியும் உங்கள் கண் வழியாக ஒருமுறை போய்விடும். தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய படம் ஒன்று பிடித்துக்கொண்டால் தூக்கம் போகும்.

அழித்தவுடன் இடம் கூடவில்லையே என்று திகைக்க வேண்டாம். அவை குப்பைத்தொட்டி ஃபோல்டரில் காத்திருக்கும்: ஐபோனில் 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள். அவசரம் இல்லையென்றால் அதைக் காலி செய்யாதீர்கள். தப்பாக அழித்தது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நினைவுக்கு வந்துவிடும்.

தேதி தொலைந்த படங்கள்

கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற சிறு குறிப்பு இருக்கிறது: எடுத்த தேதி, நேரம், கேமரா, அனுமதித்திருந்தால் இடம். கேலரி வரிசை இதை நம்பித்தான் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். அதனால்தான் உறவினர் இன்று அனுப்பிய பத்து வருடப் பழைய படம், இன்றைய தேதியில் வந்து உட்காருகிறது. வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தை ஃபைல் பெயரிலேயே அடையாளம் காணலாம். தேதிக்குப் பின்னால் ‘டபிள்யூ.ஏ.’ என்ற எழுத்துகளும் நான்கு இலக்க எண்ணும் இருக்கும். அந்தத் தேதி வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி அல்ல.

ஒரு நிகழ்ச்சியின் படங்களைப் பிறரிடம் கேட்கும்போது ‘டாக்குமென்டாக அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். தரமும் குறையாது, தேதியும் உதிராது. ஆனால் இடக் குறிப்பும் கூடவே வரும். வீட்டில் எடுத்த படத்தை முன்பின் தெரியாதவருக்கு டாக்குமென்டாக அனுப்பினால், வீடு இருக்கும் இடத்தையும் சேர்த்தே கொடுத்ததாகிவிடும்.

தவறான தேதியைத் திருத்த கூகுள் போட்டோஸிலும் ஐபோனிலும் வழி இருக்கிறது. கூகுள் போட்டோஸில் செய்யும் திருத்தம் கணக்கில்தான் நிற்கும். படத்தின் ஃபைலுக்குள் எழுதப்படாது. கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் கூகுளின் ‘டேக்அவுட்’ மூலம் மொத்தமாக இறக்கினால், திருத்திய விவரங்கள் ஜேசான் என்ற தனித் தனி எழுத்து ஃபைல்களில் பக்கத்தில் கிடக்கும். படம் பழைய தேதியோடு, அல்லது தேதியே இல்லாமல் நிற்கும். ஆகவே ஆப்பை மட்டும் நம்பாமல், டிஸ்கில் உள்ள ஃபோல்டரின் பெயரிலேயே தேதியை எழுதிவிடுவது மேல்.

பெயர் வைக்கும் முறை எளிது: வருடம், கோடு, இரண்டு இலக்க மாதம், பிறகு நிகழ்ச்சி. ‘2024-03 பள்ளி விழா’. வருடம் முன்னால் இருந்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். மாதத்தை 3 என்று எழுதினால் 10, 11, 12 மூன்றும் அதற்கு முன்னால் வந்து நிற்க வாய்ப்புண்டு. 03 என்றே எழுதுங்கள். வருட ஃபோல்டர், அதற்குள் நிகழ்ச்சி ஃபோல்டர், அவ்வளவுதான்; மூன்றாவது அடுக்கைத் தொடங்கினால் எதை எங்கே போட்டோம் என்பதைத் தேட இன்னொரு ஆள் வேண்டும். எந்த நிகழ்ச்சியிலும் சேராதவற்றுக்கு ‘2024-00 சில்லறை’ என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. கணினியில் அடுக்கும்போது ‘டேட் மாடிஃபைடு’ என்பதை நம்பாதீர்கள், திருத்தினால் அது மாறிவிடும், நகலெடுக்கும்போதும் சில சமயம் மாறலாம். ‘டேட் டேக்கன்’ வரிசையை வையுங்கள்.

தேடினால் கிடைக்க

படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் இப்போதைய கேலரிகள் தேடித் தரும். ஆங்கிலத்தில் அச்சடித்த ரசீது என்றால் கடைப் பெயரையோ தொகையையோ தட்டினாலே வந்து நிற்கும். கையெழுத்தையும் வெளிறிய அச்சையும் நம்ப முடியாது. உத்தரவாத அட்டை, ரசீது, மருந்துச் சீட்டு, கருவிகளின் சீரியல் எண் இவற்றுக்கு ‘தாள்கள்’ என்று ஒரே ஆல்பம் வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் ரசீது சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுவது நல்லது.

அடையாள அட்டைப் படங்களை, பூட்டித் திறக்கும்படி கூகுள் போட்டோஸில் உள்ள லாக்டு ஃபோல்டரில் வைப்பவர்கள் கவனிக்க: பேக்கப் ஆன் செய்யாத லாக்டு ஃபோல்டர் அந்தப் போனோடு சரி. போனை ரீசெட் செய்தால் அதற்குள் இருப்பதும் சேர்ந்து போகும்.

பிடித்த படங்களை ‘ஃபேவரிட்ஸ்’ ஆல்பத்தில் சேர்க்கும் ஹார்ட் குறியைச் சிக்கனமாகப் போடுங்கள். நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தாண்டினால் ஃபேவரிட்ஸ் இன்னொரு கேலரியாகிவிடும்.

உங்களுக்குப் பிறகு இந்தப் படங்களைத் திறக்க வேண்டியவர் யார் என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். கூகுளில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’, ஆப்பிளில் ‘லெகசி கான்டாக்ட்’. இரண்டும் பத்து நிமிட வேலை. 2 ஆண்டுகள் யாரும் தொடாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. கடவுச்சொல் தெரியாத குடும்பத்தினர் அதற்குள் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பார்கள்.

எடுக்கும்போதே

ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு நேரவில்லை. இதைக் கைப்பழக்கமாக மாற்றிக்கொள்ளலாம்: ஒரு இடத்துக்குப் போனால் அகலமாக ஒரு படம், ஆட்கள் தெரிய ஒன்று, நெருக்கத்தில் ஏதாவது ஒரு நுணுக்கம், பிறகு போனைப் பையில் போட்டுவிடுங்கள். எடுத்த அன்று இரவே ஐந்து நிமிடத்தில் அன்றைய படங்களைக் கழித்தால் எது சொதப்பல் என்பது நினைவிருக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாமே முக்கியமாகத் தோன்றும்.

வருடத்துக்கு 36

வருடக் கடைசியில் ஃபேவரிட்ஸிலிருந்து 36 படங்களைத் தேர்ந்து அச்சுப் போடுங்கள். ஒரு சுருளின் கணக்கு. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது நல்ல அச்சுக்கான அளவு. 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல் போதும், 8×12-க்கு 2400×3600 வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் 4×6-க்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

இன்னொரு சிக்கல் வெட்டுப்படுவது. பெரும்பாலான போன் கேமராவின் படம் 4:3 விகிதம், 4×6 தாள் 3:2. தாளை நிரப்பி அச்சிட்டால் படத்தின் ஒன்பதில் ஒரு பங்கு மேலும் கீழுமாகப் போய்விடும். பின்வரிசையில் உயரமாக நிற்பவரின் தலைதான் முதலில் போகும். அனுப்புவதற்கு முன் போனிலேயே 3:2-க்கு வெட்டிப் பாருங்கள். வெட்ட முடியாத படமாக இருந்தால் ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் அச்சிடச் சொல்லுங்கள்.

அச்சு வந்ததும் பின்பக்கத்தில் தேதி, இடம், நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். ‘அம்மா’, ‘மாமா’ என்று மட்டும் எழுதினால் யாருடைய அம்மா என்று பின்னால் ஒருவர் விழிப்பார், பெயரையே எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் முகத்தின் மேல் மேடு தெரியும். இப்போதைய போட்டோத் தாளின் பின்பக்கம் வழவழப்பானது, பென்சில் பிடிக்காது. போட்டோக்களில் எழுதுவதற்கென்றே மை அழியாத மெல்லிய பேனாக்கள் கிடைக்கின்றன. எழுதியதும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், மை நன்றாகக் காயும் வரை பரப்பி வையுங்கள். இல்லையென்றால் ஒரு படத்தின் பெயர்கள் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டியிருக்கும்.